நாலணாவும் அதுக்குக் கீழ இருந்த காசும் செல்லாம போனது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்ல பழைய டப்பாவ திறந்து பாத்துட்டு, இல்ல தாத்தா பாட்டி வச்சிட்டுப் போன சுருக்குப் பைய அவுத்துப் பாத்துட்டு என்கிட்ட கேக்குறவங்க நிறைய பேர். கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடுறேன். நான் டீலர் இல்ல, சின்ன வயசுலேர்ந்து சில்லறைக் காசு சேர்க்கிற ஆளு, அவ்ளோதான்.

நாலணா எப்போ செல்லாம போச்சு?

2011 ஜூன் 30. அன்னையிலேர்ந்து 25 பைசா மட்டும் இல்ல, அதுக்குக் கீழ இருந்த 20, 10, 5, 3, 2, 1 எல்லாமே சட்டப்படி செல்லாக்காசு ஆயிடுச்சு. அரசு அறிவிப்பு 2010 டிசம்பர்லயே வந்துடுச்சு, 2011 ஜூன் 29 வேலை நேரம் முடியுற வரைக்கும் பேங்க்ல குடுத்து மாத்திக்கலாம்னு டைம் குடுத்தாங்க. இப்ப நம்ம நாட்டுல செல்லுற மிகச் சின்ன காசு 50 பைசா.

இப்ப பேங்க்ல கொண்டு போய் குடுத்தா மாத்தித் தருவாங்களா?

மாட்டாங்க. அந்தக் கதவு 2011லயே மூடியாச்சு.

அச்சடிக்கிறத நிறுத்துறதும் செல்லாதுன்னு அறிவிக்கிறதும் ஒண்ணா?

இல்ல, இத குழப்பிக்கிறவங்கதான் ஜாஸ்தி. மிண்ட்ல, அதாவது காசு அடிக்கிற அரசு ஆலையில, ஒரு காசு அடிக்கிறத நிறுத்தினா, ஏற்கனவே வெளிய இருக்கிறது பாட்டுக்கு கைமாறிட்டே இருக்கும், தேஞ்சு தொலஞ்சு தானா குறையும். செல்லாதுன்னு சட்டப்படி அறிவிச்சா அந்தத் தேதிக்கு அப்புறம் அது வெறும் உலோகத் துண்டு. நம்ம ஊர்ல ரெண்டுக்கும் நடுவுல ரொம்ப வருஷம் ஓடுச்சு. 3 பைசா 1971ஓட நின்னுடுச்சு, 1 பைசாவும் 2 பைசாவும் 1980கள் தொடக்கத்துல நின்னுச்சு, அலுமினிய 5 பைசா 1994 வரைக்கும் வந்துச்சு, 20 பைசா 1997, ஸ்டீல் 10 பைசா 1998, காண்டாமிருகம் போட்ட 25 பைசா 2002. இதெல்லாம் முடிஞ்சு பல வருஷம் கழிச்சுதான் 2011ல மொத்தமா ஒரே நாள்ல செல்லாதுன்னு சொன்னாங்க. அதனால "2011ல நாலணா அடிக்கிறத நிறுத்திட்டாங்க"ன்னு யாராவது சொன்னா அது தப்பு, அதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே கடைசி வருஷக் காசு வந்துடுச்சு. அதுவும் போக, கடைக்காரர் வாங்க மாட்டேன்னு சொன்ன நாள்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது சட்டத்துக்கு ரொம்ப முன்னாடியே வந்தது. பத்து காச நீட்டினா பொட்டிக் கடையில கையத் தள்ளி விட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அப்ப அது சட்டப்படி முழுசா செல்லுற காசு.

ஏன் நிறுத்தினாங்க?

ரெண்டு காரணம். ஒண்ணு விலைவாசி, அஞ்சு காசுக்கு வாங்க எதுவுமே இல்லாம போச்சு. இன்னொண்ணு உலோகம், காசுல எழுதியிருக்கிற மதிப்ப விட அத செய்ய ஆகுற செலவு மேல போயிடுச்சு.

இந்த ரெண்டாவது காரணம் நம்ம காசுலயே எழுதியிருக்கு, அத அடுக்கி வச்சாலே தெரியும். ஒரு பைசாவ மட்டும் எடுத்துக்குங்க. 1957ல வெண்கலத்துல வட்டமா வந்துச்சு, 1962ல நிக்கல் பித்தளைக்கு மாறிச்சு, 1965ல அலுமினியத்துல சதுரமா ஆயிடுச்சு, எடை முக்கால் கிராம்தான், ஊதினா பறக்கும் போல இருக்கும். எட்டே வருஷத்துல மூணு உலோகம்! அறுபதுகள்ல செம்பு, நிக்கல் விலையெல்லாம் ஏற ஏற, சின்னக் காசு ஒவ்வொண்ணா அலுமினியத்துக்கு இறங்குச்சு. 1964ல வந்த ஆறு முனை 3 பைசாவுலதான் அந்த மாற்றம் ஆரம்பிச்சது. அப்புறம் அதுவும் கட்டுபடி ஆகல, 1988ல அலுமினிய 10 பைசாவையும், செம்பு நிக்கல்ல இருந்த 25, 50 பைசாவையும் ஸ்டீலுக்கு மாத்தினாங்க. அதுக்குக் கீழ இறங்க வேற மலிவான உலோகம் இல்ல, அப்ப காசையே விட்டுட வேண்டியதுதான்.

காச கடத்திட்டுப் போய் பிளேடு செஞ்சாங்கன்னு சொல்றாங்களே?

2007 வாக்குல பங்களாதேஷ் எல்லைப் பக்கம் நம்ம ஸ்டீல் காச கடத்திட்டுப் போய் உருக்கி ஷேவிங் பிளேடு பண்றாங்கன்னு பெரிய செய்தி வந்தது உண்மைதான். ஆனா அதனாலதான் நாலணாவ நிறுத்தினாங்கன்னு சொல்ல முடியாது, சொல்லப்போனா அந்த செய்தியில ஒரு ரூபாய்க் காசப் பத்தின பேச்சுதான் அதிகம். அந்த சம்பவம் காட்டுறது ஒண்ணுதான், முகத்துல எழுதியிருக்கிற மதிப்ப விட உள்ள இருக்கிற உலோகம் விலை ஏறிட்டா அந்தக் காசு கல்லாவுல தங்காது.

ஒவ்வொரு காசும் ஏன் ஒவ்வொரு வடிவத்துல இருந்துச்சு?

இந்தக் கேள்விய யாராவது கேட்டா எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

1957 ஏப்ரல் 1 வரைக்கும் நமக்கு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு நாலு காலணா, காலணாவுக்கு மூணு தம்பிடி. அப்படியே பழகின ஜனங்ககிட்ட போய் இனிமே ரூபாய்க்கு நூறு பைசான்னு சொன்னா எப்படி இருந்திருக்கும்? ஒரு அணாங்கிறது ஆறே கால் பைசா, கால் பைசாவ எங்க போய் தேடுறது, அதனால ஒரு அணாவுக்கு 6, ரெண்டு அணாவுக்கு 12, மூணு அணாவுக்கு 19, நாலணாவுக்கு 25ன்னு கணக்கு போட்டுக் குடுத்தாங்க, பழைய காசும் புதுக் காசும் கொஞ்ச காலம் சேந்தே புழங்குச்சு. குழப்பம் வரக்கூடாதுன்னுதான் அதுக்கு "நயா பைசா"ன்னு பேரு (நயான்னா இந்தியில புதுசு), 1964 ஜூன் 1ல "நயா"வ எடுத்துட்டாங்க. காசு மேலயே "ரூபாயில் நூறில் ஒரு பங்கு"ங்கிற அர்த்தத்துல இந்தியில எழுதியிருப்பாங்க, கையில பூதக்கண்ணாடி இருந்தா பாருங்க.

இந்த மாதிரி சமயத்துல படிக்கத் தெரியாதவங்களுக்கும் கண்ணு தெரியாதவங்களுக்கும் எது உதவும்? விரல்தான். 1 பைசா ஆரம்பத்துல வட்டம், 2 பைசா பூ மாதிரி எட்டு வளைவு, 5 பைசா முனை மழுங்கின சதுரம், 10 பைசா மறுபடியும் எட்டு வளைவு ஆனா பெருசு, 25, 50 வட்டம், பின்னாடி வந்த 3 பைசா அறுகோணம். எங்க அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கடைசி காலத்துல கண்ணும் மங்கிடுச்சு, ஆனா சுருக்குப் பைக்குள்ள கைய விட்டு வெளிய எடுக்கும்போதே சரியா பத்து காசு எடுப்பாங்க. வெளிய எடுத்துப் பாத்ததே இல்ல. இப்ப இருக்கிற 1 ரூபாய், 2 ரூபாய், 5 ரூபாய் எல்லாம் கலந்து கிடந்தா கண்ணு நல்லா தெரியுற நானே தடுமாறுறேன். பைசா போனதுல எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் இதுதான், மதிப்பு போச்சுன்னு இல்ல, அந்த விரல் கணக்கு போச்சு.

சேகரிக்கிறவங்க இதப் பத்தி என்ன நெனைக்கிறாங்க?

ஒரே மாதிரி யாரும் நெனைக்கல, மூணு நாலு பேர் உக்காந்தா நாலு விதமா பேசுவாங்க.

ஒரு பக்கம் நிம்மதிப் படுறவங்க. காரணம், ஒரு வரிசை முடிஞ்சிடுச்சுன்னா அத முழுசா முடிக்கலாம். 1957ல ஆரம்பிச்சு 2002ல முடிஞ்ச 25 பைசாவ, வருஷ வாரியா, மிண்ட் வாரியா, உலோக வாரியா எல்லாத்தையும் சேத்துட்டா ஆல்பத்துல கடைசி ஓட்டையும் அடைஞ்சிடும், அடுத்த வருஷம் புதுசா ஒண்ணு வந்து சேராது. இந்த முடிஞ்ச வரிசைங்கிறதுல ஒரு திருப்தி இருக்கு, அது அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு பக்கம் வருத்தப்படுறவங்க, நான் இந்தக் கட்சி. எங்க தலைமுறையில யாரும் கடைக்குப் போய் காசு குடுத்து காசு வாங்கி சேகரிக்க ஆரம்பிக்கல. மளிகைக் கடையில வந்த மீதிச் சில்லறையில வித்தியாசமா ஒண்ணு இருந்துச்சு, எடுத்து வச்சோம், அப்படித்தான் ஆரம்பம். 1982 ஏசியன் கேம்ஸ் நாலணா எனக்கு பஸ் கண்டக்டர் குடுத்த மீதியில வந்தது. இப்ப ஒரு பையன் எதுல ஆரம்பிப்பான்? போன்ல ஸ்கேன் பண்ணி காசு குடுக்குறாங்க, கையில சில்லறையே வர்றதில்ல. மலிவான காசு நிக்கும்போது, செலவே இல்லாம உள்ள நுழையுற அந்த வழியும் சேந்து நின்னு போகுது.

மூணாவதா ஒரு கூட்டம், காசு நிறுத்தப் போறாங்கன்னு தெரிஞ்ச உடனே மூட்டை மூட்டையா வாங்கி வச்சவங்க. 2011ல நாலணாவ கிலோ கணக்குல வாங்கி வச்சவர ஒருத்தர எனக்குத் தெரியும், இன்னமும் அந்த மூட்டை அப்படியே இருக்கு. எல்லாம் தேஞ்ச காசு, அதுலயும் பாதிக்கு மேல ஒரே வருஷம். அது சேகரிப்பு இல்லன்னு நான் நேராவே சொல்லுவேன், பத்தாயிரம் ஒரே மாதிரி காசு இருக்கிறதுக்கும், பொறுக்கி எடுத்த நூறு வேற வேற காசு இருக்கிறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

அப்புறம் எரர் காசு, அதாவது மிண்ட்ல தப்பா அடிபட்ட காசு மட்டும் தேடுறவங்க, அவங்களுக்கு இந்த நிறுத்தம் வேற மாதிரி படுது. மையம் விலகி அடிச்சது, ரெண்டு தடவ அடிபட்டது, எதுவுமே அடிபடாத வெறும் பிளாங்க், இதெல்லாம் அடிச்சுட்டு இருக்கும்போது எப்பவாவது அபூர்வமா ஒண்ணு வெளிய வரும். அடிக்கிறது நின்னா புதுசா வர்ற வாய்ப்பு முடிஞ்சது, இனிமே ஏற்கனவே இருக்கிறதத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். அவங்க பழைய மூட்டைகள அலசுற பொறுமை எனக்கு வராது, ஆனா மரியாதை இருக்கு.

காண்டாமிருகம் போட்ட நாலணாவுக்கு ஒன்றரை லட்சம் கிடைக்குமாமே?

கிடைக்காது. தயவு செஞ்சு இத வீட்ல எல்லாருக்கும் சொல்லுங்க.

அந்த ஸ்டீல் நாலணா 1988லேர்ந்து 2002 வரைக்கும் ஏராளமா அடிச்ச காசு, எந்தக் காசுக்கடை டப்பாவுலயும் கை நிறைய கிடைக்கும். அபூர்வம்னு ஒரு காசுக்கு விலை ஏறணும்னா மூணு விஷயம் சேரணும்: கொஞ்சமா இருக்கணும், நல்ல நிலைமையில இருக்கணும், தேடுற ஆளு இருக்கணும். சாதாரண காண்டாமிருக நாலணாவுக்கு முதல் ரெண்டுமே இல்ல. வீடியோவுல "உங்ககிட்ட இந்தக் காசு இருந்தா நீங்க லட்சாதிபதி"ன்னு சொல்றவங்க யாரும் அந்த விலைக்கு வாங்குறதில்ல. விளம்பரத்துல விக்கிறவர் போட்டிருக்கிற விலை வேற, உண்மையிலேயே ஒருத்தர் காசு குடுத்து வாங்கின விலை வேற, யாரு வேணா எந்தக் காசுக்கும் பத்து லட்சம்னு போட்டு வைக்கலாம்.

இதுல மோசடி எப்படி நடக்குதுன்னா, நீங்க போட்டோ அனுப்புவீங்க, "ஆமா இது ரொம்ப அபூர்வம், ரெண்டு லட்சத்துக்கு எடுத்துக்கிறோம்"னு சொல்லுவாங்க, அப்புறம் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க, ஜிஎஸ்டி கட்டுங்க, ரிசர்வ் பேங்க் கமிஷன் கட்டுங்கன்னு ஒவ்வொண்ணா கறப்பாங்க, ரிசர்வ் பேங்க் முத்திரை போட்ட லெட்டர் கூட அனுப்புவாங்க. 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்கே இதப் பத்தி எச்சரிக்கை வெளியிட்டுச்சு: பழைய காசு, நோட்டு வாங்குறது விக்கிறதுல எங்களுக்கு சம்பந்தமே இல்ல, யாருகிட்டயும் கமிஷன் கேக்க நாங்க யாருக்கும் அனுமதி குடுக்கலன்னு. எங்க தெருவுல ஒரு அக்கா, வீட்டுக்காரருக்குத் தெரியாம எட்டாயிரம் கட்டிட்டு என்கிட்ட வந்து அழுதாங்க. அவங்ககிட்ட இருந்தது மூணு நாலணா, எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. விக்கிறவங்ககிட்டேர்ந்து வாங்குறவன் முன்பணம் கேட்டா அது மோசடி, அதுக்கு மேல யோசிக்கவே வேணாம்.

அப்ப எதுதான் உண்மையிலேயே கிடைக்க கஷ்டம்?

ஆச்சரியமா இருக்கும், ஆனா முதல் வருஷமும் கடைசி வருஷமும் இல்ல. புதுசா வரும்போது ஆசையா எடுத்து வைப்பாங்க, நிக்கப் போகுதுன்னா மறுபடியும் எடுத்து வைப்பாங்க. நடுவுல வந்த வருஷத்த எவனும் எடுத்து வைக்கல, எல்லாம் செலவாயி தேஞ்சு போச்சு. அதனால நடு வருஷத்துக் காசு புதுசு கொறையாம, அதாவது நாங்க யுஎன்சின்னு சொல்ற நிலைமையில, கிடைக்கிறது சிரமம்.

அதுலயும் அலுமினியம். அது மென்மையான உலோகம், கல்லாப்பெட்டியில நாலு தடவ விழுந்தாலே கீறல், ஓரம் நசுங்கும். 1 பைசாவுல வளையாத, சொட்டை இல்லாத, வெள்ளிப் பளபளப்போட ஒண்ணு காட்டுங்க பாப்போம்! சாதாரணமா எல்லாருகிட்டயும் இருக்கும், நல்ல நிலைமையில ரொம்ப கொஞ்சம் பேருகிட்டதான் இருக்கும். நான் புதுசா சேர்க்க வர்றவங்களுக்கு சொல்றது, விலை அதிகமான ஒரு காசத் தேடி அலையாதீங்க, விலையே இல்லாத காசுல சிறந்த நிலைமையில இருக்கிறதத் தேடுங்க, பத்து வருஷம் கழிச்சு அந்த ஆல்பம்தான் நாலு பேர நிறுத்திப் பாக்க வைக்கும்.

3 பைசாவும் நல்லா கவனிக்க வேண்டிய ஒண்ணு, 1964லேர்ந்து 1971 வரைக்கும்தான், அதனால வரிசை சின்னது, ஆரம்பிக்கிறவங்க முழுசா முடிக்க நல்ல வரிசை.

மஞ்சள் கலர் 20 பைசாவுல தங்கம் இருக்கா?

இல்ல. 1968லேர்ந்து 1971 வரைக்கும் வந்த தாமரை போட்ட 20 பைசா, செம்பு சேந்த மஞ்சள் கலப்பு உலோகம், பித்தளை ரகம்தான். தாமரை இருக்கிறதால நிறைய வீட்ல பூஜை அறையில லட்சுமி படத்துக்கு முன்னாடி வச்சிட்டாங்க, புழக்கத்துல அது அவ்ளோவா எடுபடவும் இல்ல, அந்த மஞ்சளும் பூஜையும் சேந்து தங்கக் கதைய கிளப்பிடுச்சு. காந்தி நூற்றாண்டுக்கு 1969ல வந்த 20 பைசாவும் அதே மஞ்சள். ரெண்டுமே அழகு, தங்கம் இல்லாமலே அழகு.

வருஷத்துக்குக் கீழ இருக்கிற புள்ளி, நட்சத்திரம் எல்லாம் என்ன?

எந்த மிண்ட்ல அடிச்சதுங்கிற அடையாளம். டைமண்ட் இருந்தா மும்பை, நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், சின்ன வட்டப் புள்ளி இருந்தா நொய்டா, எதுவுமே இல்லன்னா கொல்கத்தா. நொய்டா 1988லதான் வேலைய ஆரம்பிச்சது, அதனால அதுக்கு முந்தின வருஷக் காசுல நொய்டா புள்ளின்னு யாராவது வித்தா வாங்காதீங்க. தேஞ்ச காசுல நட்சத்திரமும் டைமண்டும் ஒரே மாதிரி தெரியும், அங்கதான் லென்ஸ் வேணும்.

அழுக்கா இருக்கு, புளி போட்டு தேய்ச்சுடலாமா?

வேணாம் வேணாம் வேணாம். நம்ம வீட்ல பித்தளைன்னாலே புளி, விபூதி, எலுமிச்சம்பழம், பழக்க தோஷம். குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்கு அது சாவு. புளியில இருக்கிற அமிலம் மேல் தோல அரிச்சிடும், மின்னும், ஆனா அது பொய் மினுமினுப்பு, மிண்ட்லேர்ந்து வரும்போது இருக்கிற பளபளப்பு ஒரு தடவ போச்சுன்னா திரும்ப வராது. நயா பைசா வெண்கலத்துல ஏறுற அந்த பழுப்பு நிறம் அழுக்கு இல்ல, அது வயசு, அதத்தான் சேகரிக்கிறவங்க விரும்புவாங்க. ஒரு தடவ ஒரு காசுக் கண்காட்சியில ஒரு வியாபாரி எனக்கு 1957 நயா பைசாவ "புதுசு மாதிரி இருக்கு பாருங்க"ன்னு குடுத்தாரு, நானும் ஆசையில வாங்கிட்டேன், வீட்டுக்கு வந்து லென்ஸ்ல பாத்தா ஒரே பக்கமா பொடிப் பொடிக் கோடு, தேய்ச்சு பாலிஷ் போட்டது. அத இன்னும் வச்சிருக்கேன், புதுசா வர்ற பசங்களுக்கு எடுத்துக் காட்ட.

ரொம்ப மண்ணா இருந்தா வெறும் தண்ணியில ஊற வச்சு, தேய்க்காம, மெல்லிசு பருத்தித் துணியில ஒத்தி எடுங்க. அவ்ளோதான் எல்லை.

எதுல போட்டு வைக்கிறது?

பிவிசி ஆல்பம் வேணாம். மலிவா இருக்கும், மெத்து மெத்துன்னு இருக்கும், ஒரு மாதிரி பிளாஸ்டிக் வாடை வரும், அதுதான் பிவிசி. வருஷம் போகப் போக அது கசிஞ்சு காசு மேல பச்சையா பிசுபிசுன்னு ஒட்டிக்கும். நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இன்னும் சீக்கிரம். மைலார்ங்கிற தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒட்டின அட்டை ஹோல்டர் நல்லது. கூட சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போட்டு வைங்க. கடற்கரை ஓரம் இருக்கிறவங்க அலுமினியத்த ரொம்ப கவனிக்கணும், உப்புக் காத்துல வெள்ளையா பூத்துடும். காசத் தூக்கும்போது ஓரத்தப் பிடிங்க, முகத்தத் தொடாதீங்க, விரல் ரேகை அப்படியே பதிஞ்சிடும்.

செல்லாத காச வீட்ல வச்சிருக்கிறது குத்தமா?

இல்ல, தாராளமா வச்சிக்கலாம், வாங்கலாம், விக்கலாம். இந்தப் பயம் 2016 நோட்டு விஷயத்துலேர்ந்து வந்தது. பழைய 500, 1000 நோட்டுக்கு மட்டும் 2017ல தனிச் சட்டம் போட்டாங்க, பத்து நோட்டுக்கு மேல வச்சிருக்கக் கூடாது, ஆராய்ச்சி, சேகரிப்புக்குன்னா 25 வரைக்கும். அது நோட்டுக்கு, காசுக்கு இல்ல. புழக்கத்துல இருக்கிற காச உருக்குறதும் அழிக்கிறதும் வேற, 2011 நாணயச் சட்டப்படி அதுக்கு ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை இருக்கு. இன்னொண்ணு, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும், நாட்ட விட்டு வெளிய கொண்டு போகக் கூடாது. நயா பைசாவுக்கு அந்த வயசு இன்னும் வரல.

அமெரிக்காவுல பென்னிய நிறுத்தினதும் நம்ம நாலணா கதையும் ஒண்ணா?

பாதிதான் ஒண்ணு. 2025 நவம்பர் 12 அன்னைக்கு ஃபிலடெல்ஃபியா மிண்ட்ல புழக்கத்துக்கான கடைசி பென்னிய அடிச்சாங்க, ஒரு சென்ட் காசு அடிக்க 3.69 சென்ட் செலவாகுதுங்கிறதுதான் காரணம். ஆனா அது இன்னமும் செல்லும், செல்லாதுன்னு அறிவிக்கல. கனடாவும் அப்படித்தான், 2012 மே 4ல வின்னிபெக்ல கடைசிய அடிச்சாங்க, 2013 பிப்ரவரியில விநியோகத்த நிறுத்தினாங்க, காசு செல்லாமப் போகல. நாம ஒரு படி மேல போய் மொத்தமா செல்லாக்காசு ஆக்கிட்டோம்.

அமெரிக்காவுல நடந்ததுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. 1793லேர்ந்து 232 வருஷம் அடிச்ச காசுங்கிறதால கடைசியா 232 செட், கிரேக்க எழுத்து வரிசையில கடைசி எழுத்தான ஒமேகாவ அடையாளமா போட்டு செஞ்சு ஏலம் விட்டாங்க, மொத்தம் 1.6 கோடி டாலருக்கு மேல போச்சு. விலையப் பத்தி சொல்லல. ஒரு காசுக்கு முறையா வழியனுப்பு விழா நடத்தி, இதுதான் கடைசின்னு அடையாளம் போட்டு வச்சாங்க பாருங்க, அதச் சொல்றேன். நம்ம 1 பைசாவுக்கு கடைசிக் காசுன்னு கையில எடுத்துக் காட்ட எதுவும் இல்ல, அது பாட்டுக்கு சத்தமில்லாம நின்னுச்சு. நாட்டுலயே படிக்கத் தெரியாத ஏழையும் கையாண்ட காசு அதுதான், அதுக்கு அந்த மரியாதை கிடைச்சிருக்கணும்னு எனக்கு ரொம்ப ஆதங்கம்.

பைசாங்கிற கணக்கே போயிடுச்சா?

போகல. பெட்ரோல் பங்க்ல, ஷேர் விலையில, பேங்க் வட்டியில, யுபிஐயில எல்லாம் பைசா உயிரோடதான் இருக்கு. கையில பிடிக்கிற உருவம்தான் போச்சு.

50 பைசாவ கடையில வாங்க மாட்டேங்குறாங்களே?

சட்டப்படி அது செல்லுற காசு, பத்து ரூபாய் வரைக்கும் 50 பைசாவாவே குடுக்கலாம், ரிசர்வ் பேங்க்கும் பல தடவ சொல்லிடுச்சு. ஆனா கடைக்காரர்கிட்ட சட்டம் பேசி ஜெயிச்சவங்க குறைவு, பேங்க்ல குடுங்க, வாங்கிப்பாங்க.

அப்ப 50 பைசாவ இப்பவே எடுத்து வைக்கணுமா?

ஆமா, இத நான் அழுத்திச் சொல்லுவேன். அதே கதைதான் மறுபடியும் நடக்குது, கடை முதல்ல கைவிட்டாச்சு, கையில வர்றது அபூர்வம் ஆயிடுச்சு. பணம் வரும்னு எடுத்து வைக்கச் சொல்லல, எட்டணாங்கிறது நம்ம கையில இருக்கிற கடைசி சின்னக் காசு, அதுக்காக.

என்ன என்ன தேடுறதுன்னா, 1964 நேரு, 1969 காந்தி, 1972 சுதந்திர வெள்ளி விழா, 1985 ரிசர்வ் பேங்க் பொன்விழா, இதெல்லாம் டீலர்கிட்டயே சல்லிசா கிடைக்கும். 1988லேர்ந்து வந்த ஸ்டீல் எட்டணாவுல இந்தியா மேப்புக்குள்ள பார்லிமென்ட் கட்டடம் இருக்கும், 1997ல வந்த சுதந்திரப் பொன்விழா காசுல தண்டி யாத்திரை இருக்கும், சின்னக் காசுல அவ்ளோ பேர் நடந்து போறத எப்படி செதுக்கினாங்கன்னு பாத்துட்டே இருக்கலாம். 2008ல மூடின கை முத்திரை, 2011லேர்ந்து புது டிசைன்ல வந்தது. இதுல ஒவ்வொரு மிண்டுக்கும் ஒண்ணு, தேயாததா பாத்து எடுங்க. கோயில் உண்டியல் சில்லறை எண்ணுற இடம், பழைய மளிகைக் கடை கல்லாவோட அடி, பாட்டி வீட்டு அஞ்சறைப் பெட்டி, இங்கல்லாம் இன்னமும் இருக்கு. எங்க அக்கா பொண்ணு போன மாசம் இப்படித் தேடி ஹைதராபாத் நட்சத்திரம் போட்ட தண்டி யாத்திரை ஒண்ணு கொண்டு வந்து "மாமா, இது உங்ககிட்ட இருக்கா"ன்னு கேட்டா, என்கிட்ட மும்பை டைமண்ட் மட்டும்தான் இருந்துச்சு. குடுன்னு கேட்டேன், தர மாட்டேன்னுட்டா, அவளே ஒரு ஆல்பம் ஆரம்பிச்சிருக்கா.